பெயர் இருந்த இடம்

காலை ஒன்பது ஐம்பது. ஆவடி வட்டார ரத்ததான இணையதளத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் எல்லாம் கேள்விக்குறிகள்.

ஜெயப்பிரியா தன் வரியைத் தேடினாள். பதினொரு கேள்விக்குறி. புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியாக விழுந்திருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடமாக அந்தத் தளத்தை அவள்தான் நடத்துகிறாள். முந்தைய நாள் வேறு சர்வருக்கு மாறினாள். பழையதைக் காலி செய்துவிட்டு, புதியதில் பேக்கப்பைப் போட்டாள். பேக்கப் தினமும் தவறாமல் எடுக்கப்பட்டதுதான். கோப்பின் அளவைத் தினமும் பார்ப்பாள். ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. தமிழ் எழுத்து தெரியாத குறியீட்டு முறையில் அது பதிவாகும்படி அவளே அமைத்திருந்தாள். இங்கிலீஷும் எண்களும் தப்பித்தன. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே கேள்விக்குறிகள்.

பக்கத்து நாற்காலி அஸ்வின் எட்டிப் பார்த்தான்.

"நம்பர் கீது, குரூப் கீது. பேர வச்சி இன்னா பண்ணப்போற, ரேஷன் கார்டா குடுக்கப்போற?"

அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

பத்தரைக்கு நெமிலிச்சேரியிலிருந்து வெங்கட் என்பவர் அழைத்தார். மனைவிக்கு ஒரு மணிக்குப் பிரசவ ஆபரேஷன். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் கையிருப்பு இல்லை. தளத்தைத் திறந்தால் என்னவோபோல வருகிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்டார். தானே கூப்பிடுவதாகச் சொன்னாள்.

ஓ நெகட்டிவ் மூன்று பேர். முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணில் எடுத்தவர், யார் வேண்டும் என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓடிபி கேட்பதற்கு முன்னால் நானே வைத்துவிடுகிறேன் என்று வைத்தார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

மூன்றாவது வரியில் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தாள். இந்தப் பட்டியலை வைத்து அழைத்தவர்கள் எல்லோரும், இன்னார் அண்ணனா என்றுதான் பேச்சைத் தொடங்கியிருப்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டவர் அதற்குப் பிறகு போனை வைக்க மாட்டார்.

மூன்றாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். ஜெயப்பிரியா எதையும் மறைக்கவில்லை. பெயர்கள் அழிந்துபோனதையும், அது தன் தப்புதான் என்பதையும், பூந்தமல்லியில் படுத்திருக்கும் பெண்ணைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரு நைட் ஷிப்ட் முடிச்சி இப்பதாம்மா வந்து படுத்துகினு கீறாரு. ரத்தம்னா எழுந்து ஓடுவாரு, எனக்குத் தெரியும். ஆனா தெனம் எவளாவது ஒருத்தி இப்டித்தான் கத சொல்றா. அவரு பேரு இன்னான்னு ஒரு வாட்டி சொல்லு, எழுப்பிவுடறேன்."