குறை சொல்லாத வீடுகள்

தெருவில் படுத்திருந்தவர்களுக்கு வீடு கொடுக்கும் திட்டத்தை ஊருக்கு ஊர் கொண்டுபோவதா, இத்தோடு மூட்டை கட்டுவதா என்பது அவள் எழுதப்போகும் மதிப்பீட்டைப் பொறுத்திருந்தது. பூசி மெழுகத் தெரியாதவள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர். பள்ளிக்கூடம் சரியில்லை என்றால் சரியில்லை, கழிப்பறை நாறுகிறது என்றால் நாறுகிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் இந்தமுறை ஒன்றை மறைத்துவிட்டு வந்திருந்தாள். இங்கே வீடு கிடைத்தவர்களில் அவளுடைய கூடப்பிறந்த தம்பியும் ஒருவன்.

சொந்தக்காரர் இருக்கும் திட்டத்தை மதிப்பிடக் கூடாது. சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். ஆனால் தம்பியைப் பார்க்க அவளுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. "புது வாழ்க்கைக்குப் பழகட்டும்மா, சொந்தக்காரங்க வந்தா மனசு கலைஞ்சிடும்" என்று திட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் ஒரு குரல் ஒவ்வொரு மாதமும் தேனொழுகச் சொல்லி வைத்துவிடும்.

தம்பி கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். தொழில் படுத்ததும் அவனும் பாலத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவனைக் கெஞ்சிக் கூத்தாடித் திட்டத்து வேனில் ஏற்றியவள் அவளேதான். "வந்து விசாரிப்பாங்க. கூச்சப்படாம குறையெல்லாம் சொல்லுடா, சொன்னாத்தான் சரிபண்ணுவாங்க" என்று புத்திமதி வேறு. மதிப்பீடு செய்கிறவள் அல்லவா, அதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

திட்ட அலுவலர் கட்டட வாசலிலேயே காத்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான்கு மாடியும் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தன. கொடியில் ஒரு துணி காயவில்லை, ஒரு பாத்திரம் உருளும் சத்தமில்லை. இத்தனை குடும்பம் இருக்கிற இடத்தில் ஒரு சண்டைகூட இல்லையா என்று அவளுக்கு முதலிலேயே உறுத்தியது.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தாகத்துக்காக அல்ல. சொந்த வீடு என்றால் தம்ளர் இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகும். முதல் வீட்டு அம்மாள் ஒரு வருஷமாக இங்கே இருப்பதாகச் சொன்னாள். தம்ளருக்காக மூன்று அலமாரியைத் திறந்தாள். "நிம்மதியா இருக்கோம், குறை ஒண்ணும் இல்லை" என்றாள். அடுத்த வீட்டுக்காரர் தம்ளர் தேடி நேராகக் குளியலறைக்கே போய்விட்டார். அவரும் கிளிப்பிள்ளை மாதிரி அதையேதான் சொன்னார். அலுவலர் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தவர்கிட்ட நான் தனியாப் பேசணும்" என்றாள்.

"தாராளமா" என்று அலுவலர் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்.

பட்டியலின்படி அது தம்பியின் வீடு. கதவைத் திறந்தது தம்பி இல்லை. அவன் வயதில், அவன் உயரத்தில், வேறு யாரோ. அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள்.

"நான்தாங்க" என்றான் அவன். "நிம்மதியா இருக்கேன். குறை..."

அவள் அவனை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சுவரில் ஈரம் பாரித்திருந்த மூலையில், சுண்ணாம்புக்கு அடியிலிருந்து எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. 'இங்கே ஒழுகுகிறது'. கீழே ஓர் அம்புக்குறி. கடைப் போர்டுக்கு எழுதுவது போல நிழல் கொடுத்து, அழகாக. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? அதன் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை எழுதினவன் என் தம்பி" என்றாள்.

அவன் வாசலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். "அக்கா, மெதுவா பேசுங்க. அவரு யாரு வந்து கேட்டாலும் குறை சொல்லுவாராம். தண்ணி ஒழுகுது, லைட்டு எரியலன்னு. ஒவ்வொரு குறைக்கும் திட்டத்துக்கு மார்க்கு குறையுதாம். ஒருநாள் வேன் வந்திருக்கு."

"எங்க கூட்டிட்டுப் போனாங்க?"

"அதைக் கேக்குறதும் குறைதாங்க்கா." அவன் மறுபடி வாசலைப் பார்த்தான். "வீட்டை விட்டு ஆளு போயிட்டாலும் மார்க்கு குறையுமாம். அதான் அவரு பேரையே எனக்கு வெச்சுட்டாங்க. இங்க முக்கால்வாசிப் பேரு அப்படித்தான். மழையில நனையாம தூங்கி இப்பதான் மூணு வாரம் ஆகுது. என்னைக் காட்டிக்குடுத்துடாதீங்க."

காட்டிக்கொடுக்க அவன் என்ன திருடனா? அவன் தலையில் ஒருமுறை கைவைத்தாள். எழுந்து வெளியே வந்தாள்.

"பார்த்தாச்சா மேடம்?"

"என் தம்பி எங்க?" என்றாள். விதிமுறையாவது மண்ணாவது, வேலை போனால் போகட்டும் என்ற வெறி அவளுக்கு.

அலுவலரின் சிரிப்பு மாறவே இல்லை. "அவர் உங்க தம்பின்னு தெரியும் மேடம். அதனாலதான் உங்களையே அனுப்பணும்னு மேல சொல்லிக் கேட்டு வாங்கினோம். நீங்க நல்லா இருக்குன்னு எழுதினா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

"அவன் உயிரோட இருக்கானா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க. நல்லா இருக்கார். அறிக்கை நல்லபடியா வரட்டும், அவரும் நல்லபடியா வருவார்."

"இப்பவே அவன்கிட்ட பேசணும்."

"பேச்சுதானே மேடம் அவருக்குப் பிரச்சினை" என்றார் அலுவலர், குரலை உயர்த்தாமல். "இன்னும் ஒரு வீடு பாக்கி. முடிச்சுட்டா கிளம்பிடலாம்."

சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். உலுக்கினால் தம்பி கிடைப்பானா? அவன் எங்கே என்று தெரிந்த ஒரே மனிதர் இவர். பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஒரு பெரியவர் திறந்தார். அவளுடைய கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கட்டடத்தில் அவள் பார்த்த முதல் நிஜமான முகம் அதுதான்.

"விசாரிக்க வந்தவங்களாம்மா? நல்லவேளை வந்தீங்க. ராத்திரியானா யாரோ வெளியில இருந்து பூட்டுறாங்கம்மா. கத்தினாலும்..."

பின்னால் அலுவலரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் பெரியவரின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் பூட்டலைங்க ஐயா" என்றாள். "நிம்மதியா இருக்கேன்னு சொல்லுங்க. எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."