ஆள் மாற்றிக் கொடுத்த ரத்தம்

காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் சத்தியவேட்டைத் தாண்டியபோது சிட்டிபாபு நாலாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதைத் தாண்டிய ஊழியர்கள் அன்று வெறும் வயிற்றோடு வரவேண்டும், ரத்தம் எடுத்துக் கொழுப்பு பார்க்கப் போகிறார்கள் என்று போன வாரமே அறிவித்திருந்தார்கள். சிட்டிபாபுவுக்கு நாற்பத்தாறு. ஆனால் பட்டினி கிடந்தது அவர் இல்லை. பக்கத்து சீட்டில் இட்லிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வன்.

"ஒரே ஒரு இட்லிணா..."

"துன்னுட்டு ரத்தம் குத்தா எல்லாம் கெட்டுப்பூடும். மத்தியானம் பிரியாணி வாங்கித் தரேன், கம்முனு வா."

தமிழ்ச்செல்வனுக்கு முப்பத்தொன்று. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவன். முருங்கைக்காய் மாதிரி உடம்பு. அந்த உடம்பில் கொழுப்பு எங்கிருந்து வரும் என்று சிட்டிபாபு கணக்குப் போட்டார். தன் தொப்பையின் மீது அவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. இதயத்தில் கோளாறு உள்ளவனை மேஸ்திரி அடுத்த காண்ட்ராக்டில் கழற்றிவிடுவான் என்று தமிழ் ஆட்கள் நடுவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கேன்டீன் சுவரில் சோதனையைப் பற்றித் தெலுங்கில் இரண்டு பக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தெலுங்கு பேசுவதில் சிட்டிபாபு கெட்டிக்காரர். படித்ததெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம், தெலுங்கை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்ல வெட்கம், வதந்தியை நம்ப மட்டும் வெட்கமில்லை.

கேன்டீனில் நர்ஸ் சிட்டிபாபு பெயரைக் கூப்பிட்டதும் தமிழ்ச்செல்வன் எழுந்து போய்க் கையை நீட்டினான். இருநூறு பேர் நின்ற வரிசையில் முகத்தை யார் பார்த்தார்கள்? காரியம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சிட்டிபாபு சொன்ன சொல் தவறாமல் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் திருப்பதியிலிருந்து போன் வந்தது. முகாம் நடத்திய இதய டாக்டர் ஸ்ரீதேவியே பேசினார். கெட்ட கொழுப்பு இருநூற்று எழுபது, நூற்றுக்குள் இருக்கவேண்டியது, தள்ளிப்போடாமல் உடனே வாருங்கள் என்றார்.

போனை வைத்ததும் சிட்டிபாபுவுக்கு வந்தது கோபம்தான். "படுபாவி! நல்ல ரத்தம்னு நம்பி பிரியாணி வாங்கிக் குத்தேன், இப்பிடி ரத்தத்த குத்துக்கீறான் பாரு!" என்று கத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவி தாட்சாயணி வந்தாள். என்ன ஏது என்று துருவிக் கேட்க, விஷயம் முழுக்க வெளியே வந்தது.

"நமக்கு ஒண்ணுமில்ல தாட்சி. அது என் ரத்தமே இல்ல," என்று சொல்லிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "இன்னாங்க சிரிச்சிக்கினு கீறீங்க? அப்ப சாவப்போறது அந்தப் பையனா? அவனுக்கு யாரு போன் பண்ணுவா?"

சிட்டிபாபுவின் சிரிப்பு அப்படியே நின்றது. நாற்பது ஆகாதவனுக்கு முகாமில் சோதனையே இல்லை. அந்தக் கொழுப்புக் கணக்கு தன் பெயரில் இருக்கிறது. தான் வாயைத் திறக்காவிட்டால் அவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. திறந்தால் ஆள் மாற்றியது வெளியே வந்து, இரண்டு பேர் வேலையும் போகலாம்.

மறுநாள் பஸ்ஸில் தமிழ்ச்செல்வனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "நானாணா? படியேறுனா கொஞ்சம் நெஞ்ச அடைக்கும். கேஸ் ட்ரபுள்னு சோடா குடிப்பேன்."

அதைக் கேட்டபின் சிட்டிபாபு யோசிக்கவில்லை. இருவருக்கும் லீவு சொல்லி, அவனைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் முன்னால் நின்று, "தப்பு என்னுதும்மா. ரத்தம் இவனுது," என்றார்.

டாக்டர் தமிழ்ச்செல்வனிடம் திரும்பி, "உங்க அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"நைனா முப்பத்தெட்டுலயே பூட்டாருமா. கழனில நின்னுக்கினு இருந்தவரு அப்பிடியே சாஞ்சிட்டாரு. காத்து அடிச்சிச்சின்னு சொன்னாங்க."

"காத்து இல்லப்பா, இது பரம்பரையா வர்ற கொழுப்பு. ஒல்லி, குண்டுன்னு பாக்காது. உனக்குக் கொழந்த இருந்தா அதுக்கும் பாக்கணும்." அன்றே ஈசிஜி எடுத்து, இன்னும் சில சோதனைகள் செய்து, மாத்திரை எழுதினார். இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

கடைசியில் சிட்டிபாபுவைப் பார்த்தார். "எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க? முடிவ உங்களத் தவிர கம்பெனில யாருக்கும் சொல்லமாட்டோம்னு நோட்டீஸ்லயே போட்டிருந்துச்சே!"

"தெலுங்கு பேச வரும்மா, படிக்க வராது," என்றார் சிட்டிபாபு. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அதை வெளியே சொன்னார். உடம்பு கூசியது. ஆனாலும் சொன்னார்.

அவருடைய ரத்தத்தை எடுக்க, இரவு பட்டினி கிடந்து மறுநாள் வரச்சொன்னார்கள். அங்கிருந்து கிளம்பிப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. மூன்றாம் ஷிப்டில் வேலை பார்க்கும் கோவர்த்தனன். ஆள் மாற்றிய விஷயத்தை முகாம் அன்றே சிட்டிபாபு அவனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"சிட்டிபாபு, நாளைக்கு எங்க ஷிப்டுக்கு ரத்தம் எடுக்கறாங்களாம். உனக்குப் பதிலா ரத்தம் குத்தானே ஒரு ஒல்லிப் பையன், அவன எனக்கும் கொஞ்சம் சொல்லி அனுப்பேன்."

சிட்டிபாபு பக்கத்தில் பார்த்தார். தமிழ்ச்செல்வன் மாத்திரைச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அவன் வரமாட்டான். நீயே பட்டினி கெடந்து உன் கையவே நீட்டு," என்றார். "வேல போனா வேற வேல கெடைக்கும் கோவர்த்தனா. ஒடம்பப் பாத்து உள்ள இன்னா கீதுன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் வியாதிய மறைக்கறேன்னு போய் இந்தப் புள்ள சாவ என் பேர்ல மறைச்சி வெக்க இருந்தேன். கோர்ட்டுல பொய் சாட்சி சொன்னா தண்டன அடுத்தவனுக்கு. ரத்தத்துல பொய் சொன்னா, உயிரே பூடும்யா."