பினாங்கில் வளர்ந்த தொப்புள்கொடி

1

“சட்டியில நஞ்சு இருக்கு. கொடி எங்கடி?”

“வெட்டித்தாம்மா குடுப்பாங்க. கத்தாதீங்க, லயமே கேக்குது.”

“கேக்கட்டும்லா. எவன்கிட்ட குடுத்தே?”

லயம் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். (தோட்டத்து வரிசை வீடுகள்தான் லயம். எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே பலகைச் சுவர்.) இந்தக் கதை அந்தச் சண்டையில் பிறந்தது, சண்டை என் வாயில் பிறந்தது. குணவதி தொப்புள்கொடியைப் புட்டியில் போட்டுக் கொடுத்ததை ஆஸ்பத்திரியில் பார்த்தவளும் நான், குழாயடியில் சொன்னவளும் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டால் மீதியை நம்புவீர்கள் அல்லவா?

2

சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம், 1982. கத்தியவள் மருதம்மாள். கத்து வாங்கியவள் அவள் மகள் குணவதி, டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வேலை. பிள்ளை பெற்றவள் மருமகள் பிரேமாவதி. அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. பிள்ளைக்குப் பின்னால் விழும் நஞ்சையும் கொடியையும் வாங்கிவந்து வீட்டோரம் புதைக்காததுதான் காரணம் என்பது மருதம்மாள் தீர்ப்பு. ஆகவே மூன்றாவதுக்குப் புதுச் சட்டியே வாங்கி அனுப்பியிருந்தாள்.

கொடியை வாங்கியவன் கிளாரன்ஸ். [“வெள்ளைக் கோட்டணிந்த அந்த இளைஞன்...” என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவன் கோட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை.] எங்கள் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியின் மகன், பினாங்கில் ஆராய்ச்சி மாணவன். முதுகெலும்புக்குள் விளக்கு வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கிறார்களாம். அப்போது உள்ளே நுண்ணிய இரத்தக்குழாய்கள் கீறுபடும். அவற்றின் உள்தோல் மறுபடி எப்படி வளர்கிறது என்பதே இவன் கேள்வி. அந்த உள்தோலின் செல்கள் தொப்புள்கொடியில் சுலபமாகக் கிடைக்கும். கொடியின் குழாயைக் கழுவி எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பான். மூன்று முறை சொன்னான். மூன்றாம் முறைதான் எனக்குப் புரிந்தது. பால் வாளி தூக்கி முதுகு போனவர்களைக் கண்டு வளர்ந்தவன், வேறெதைப் படிப்பான்?

3

குணவதியைத்தான் என்னால் எழுத முடியவில்லை. சொந்த அண்ணன் பிள்ளையின் கொடியை ஏன் கொடுத்தாள்? காதல் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவே: “அன்னிக்கி வேற பிரசவமே இல்லக்கா. அவரு பினாங்குலேர்ந்து வந்து நின்னாரு. நஞ்சு இருந்தாப் போதும், கொடிய யாரு தேடப்போறான்னு நெனச்சேன்.”

நான் சொல்லாதிருந்தால் யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

4

பதினோராம் நாள் குழந்தை காய்ச்சலில் இறந்தது.

[பிரேமாவதி அன்று எப்படி இருந்தாள் என்றால்... வேண்டாம்.]

இரத்தத்தில் கிருமி என்றார் டாக்டர். யாரும் குணவதியைக் குற்றம் சொல்லவில்லை. அவள் வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். நான்கு நாள் கழித்துக் கிளாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான். மருதம்மாள் வாசலிலேயே நின்று கொடியைக் கேட்டாள்.

“கொடி இல்லம்மா இப்ப. அதுலேர்ந்து எடுத்தது மட்டும் தட்டுல இருக்கு.”

“செத்துப்போச்சா?”

“இல்லம்மா. வளருது.”



“எம் பேரனோடதா?”

“ஆமாம்மா. ஒண்ணு ரெண்டாவுது, ரெண்டு நாலாவுது. ஒரு மாசம் இருக்கும், அதுக்கு மேல தாங்காது. கேட்டீங்கன்னா கொண்டாந்து தர்றேன். புதைக்கலாம்.”

“புதைச்சா?”

“செத்துடும்.”

“அதுக்கு வலிக்குமா தம்பி?”

“வலிக்காதும்மா.”

மருதம்மாள் அவனை உள்ளே அழைத்தாள். பிரேமாவதியையும் குணவதியையும் கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். எனக்குத் தெரிந்து அந்தக் கதவு பகலில் சாத்தப்பட்டது அன்றுதான். உள்ளே குரலே எழவில்லை. பலகைச் சுவரில் காதை வைத்தும் (வைத்தேன்தான்) ஒன்றும் கேட்கவில்லை.

5

முடிவு ஒன்று: தட்டு வந்தது, சட்டியில் வைத்துப் புதைத்தார்கள், மருதம்மாள் தூங்கினாள். முடிவு இரண்டு: ‘இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்’ என்றாள், ஒரு மாதம் பினாங்குத் திசையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். முடிவு மூன்று: தீர்ப்பைப் பிரேமாவதி சொன்னாள், அது இந்த இரண்டும் அல்ல, ஏனென்றால்...

ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஒருமுறை சொன்னதே போதும். வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை இவை. பிரேமாவதியும் கணவனும் சுங்கைப் பட்டாணிக்கு ஃபேக்டரி வேலைக்குப் போனார்கள். கிளாரன்ஸ் ஜேன் என்ற டீச்சரைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனான். குணவதி வார்டு வேலையை விட்டுப் பெண்டாங் நெல் ஆலையில் கணக்கெழுதும் கிராணி அழகேசனைக் கட்டிக்கொண்டாள். மருதம்மாளும் அவளோடு போய்விட்டாள். குணவதிக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பிரசவத்துக்கும் பஸ் ஏறிப்போய்ப் பார்த்து வந்தேன். கொடியை என்ன செய்தாள் என்று மட்டும் கேட்கவில்லை.