ஞாயிற்றுக்கிழமைத் தோணி

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஞானையா தோணியைக் கரைக்கு இழுத்து, மருத மரத்து வேரோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டுவார். கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு வந்து சேர்வார். சாவி மட்டும் அவரிடம் தங்காது. வாசலில் நிற்கும் சாலோமியின் உள்ளங்கையில் அதை வைத்துவிடுவார். அவள் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். திங்கட்கிழமை விடியும்வரை அது அங்கேதான்.

ஆண்டவரிடம் செய்துகொண்ட பொருத்தனை அவளுடையது. அதனால் சாவியும் அவளுடையது.

முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்தவள் பாக்கியவதி. நடக்கப் பழகி, ஓடப் பழகி, மழலை தெளிந்த சமயத்தில் அவளுக்கு வைசூரி கண்டது. வாழையிலையில் கிடந்த பிள்ளையின் முகம் பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. சாலோமி அன்று மண்தரையில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் பேரம் பேசினாள். "இவள எனக்குத் தாரும். ஓய்வுநாள்ல எங்க தோணி தண்ணியில எறங்காது. இது சத்தியம்."

பிள்ளை பிழைத்தாள். முகத்தில் தழும்பு நின்றது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. உபதேசியார் அப்பாத்துரை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் இதைச் சொன்னார். சீவலப்பேரிக்குச் சற்றுக் கீழே, ஆற்றோரத்தில் பனையோலை வேய்ந்த அந்தச் சின்னக் கோயிலில் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஊரில் கேலியும் உண்டு. வயலுக்குப் போகிற ஐயம்பெருமாள் ஞானையாவைக் கண்டால் விடமாட்டார்.

"என்னவே, ஒம்ம தோணியும் வேதத்துல சேந்துட்டாமே! ஞாயித்துக்கெழம அதுவும் பாய்ல உக்காந்து பாட்டுப் படிக்குதா?"

"படிக்கத்தான் செய்யுது. நீரும் ஒருநாள் வந்து கேளுமே."

"நான் வந்தா எங்க மாடும் வரணும்னு நிக்கும். ஒங்க கோயிலு தாங்காது வே."

ஞானையா சிரிப்பார். சாலோமியும் சிரிப்பாள். ஆனால் அவள் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை சாவியை அவிழ்த்துக் கொடுத்த கையோடு பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இல்லை என்று கண்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவாள். பிள்ளையின் உயிர் அந்தச் சங்கிலியில்தான் கட்டியிருக்கிறது என்று அவள் நம்பிவிட்டாள். அதற்குப் பேர் விசுவாசம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்த ஆண்டு ஐப்பசியிலிருந்தே மழை. கார்த்திகையில் ஆறு செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டுப் போனது. ஒரு ஞாயிறு காலை, ஆராதனை பாதியில் இருக்கும்போது, அக்கரையிலிருந்து குரல் கேட்டது.

"அண்ணாச்சீ! தோணீ!"

மதாரின் குரல். அக்கரையில் வெற்றிலை வியாபாரம் செய்கிறவன். வெற்றிலைக் கட்டோடு வாரத்தில் பாதி நாள் இந்தத் தோணியில்தான் வருவான், போவான். அவன் பெண்டாட்டி சுபைதாவையும் சாலோமிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் தோணியில் வந்தபோது வழியெல்லாம் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே வந்த பெண். திருச்செந்தூர்ப் பக்கம் போய்வந்த யாரோ கொடுத்ததென்று பாக்கியவதிக்கு ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள். சுபைதாவுக்கு இது நிறைமாதம்.

"அண்ணாச்சீ! அவளுக்கு முடியல! வண்டியில வச்சிருக்கேன்! பாளையங்கோட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்!"

உபதேசியார் வாசிப்பதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் சற்று உயர்த்தினார். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானையா திரும்பினார். பெண்கள் பாயில் சாலோமியைத் தேடி, அவள் இடுப்பைப் பார்த்தார்.

அவள் கை தானாகப் போய் முடிச்சைப் பொத்தியது. பாக்கியவதி அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சாலோமி குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். தலையசைத்தாளா, குனிந்தது மட்டும்தானா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது ஞானையா முன்பக்கம் திரும்பியிருந்தார்.

ஞானப்பாட்டு தொடங்கியது. எல்லோரும் சத்தமாகப் பாடினார்கள். அவளும் பாடினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஞானையா கேட்டார்.

"சாவியக் குடுட்டீ."

"பிள்ளைய நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுத்தான் கேக்கேன்."

"அங்க மருத்துவச்சி இல்லாமலா போயிரும்? பொறுங்க. பொழுது விடியட்டும்."

அவர் அக்கரையைப் பார்த்தார். வண்டி இல்லை. குரலும் இல்லை. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

விடிந்ததும் அவர் அக்கரைக்குப் போனார். ஈர மண்ணில் வண்டி வந்து நின்ற தடமும், திரும்பிப் போன தடமும் இருந்தன. தடத்தைப் பிடித்தே மதாரின் வீட்டுக்குப் போனார். வாசலில் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டு தெருமுனையிலேயே நின்றுவிட்டார். சுபைதா திரும்பிப் போகிற வழியில் வண்டியிலேயே பிள்ளையைப் பெற்றிருந்தாள். பிள்ளை அழுதது. அவள் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க சாலோமியும் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், கால் கேட்கவில்லை. மதாரின் தாய் ஜனாபா, பேத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சாலோமியைக் கண்டதும் வையவில்லை. பாயை நகர்த்திப் போட்டாள்.

"வாம்மா. உக்காரு."

சாலோமி உட்கார்ந்தாள்.

"எம் மருமவ கெடந்த எடத்துலேர்ந்து ஒங்க வீட்டுக் கூர தெரிஞ்சுதாம். 'சாலோமி அக்கா வீடு அந்தா இருக்கு, அந்தா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம்." கிழவி பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தாள். "ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. ஞாயித்துக்கெழம ஒங்க ஆண்டவரு ஊர்ல இருக்க மாட்டாரோ?"

அது குத்தலா, தெரியாமல் கேட்டதா என்று சாலோமிக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு வேதத்தை எடுத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள்தான். ஞானையாவுக்கு எழுத்து தெரியாது. ஓய்வுநாளில் சூம்பின கையோடு ஒருவன் ஆலயத்தில் இருந்ததையும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இயேசு அவனை எழுந்து நடுவில் நிற்கச் சொன்னதையும் அவள் சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாள். அன்று அந்த இடத்தில் கண் நின்றுவிட்டது. இயேசு அவர்களைச் சுற்றிலும் பார்த்தார், அவர்களுடைய இருதயக் கடினத்துக்காக வருத்தப்பட்டார் என்று இருந்தது. அவர் சுற்றிப் பார்த்த அந்தக் கூட்டத்தில் பெண்கள் பாயில் தானும் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. மூடிவைத்தாள்.

"என்னாலதான்," என்றாள்.

ஞானையா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னால மட்டுமா? சங்கிலிய ஒடைக்க ஒரு கல்லு போதும். நான் எழும்பலையே."

அதோடு இருவரும் அதைப் பேசவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அவர் சாவியைக் கொண்டுவந்தார்; அவள் வாங்கி முடிந்துகொண்டாள். குற்றம் சேர்ந்த பிறகு பயம் இன்னும் கூடியிருந்தது. ஒரு உயிரைக் கொடுத்துக் காத்த பொருத்தனையை இனி எப்படி உடைப்பது? உடைத்தால் ஆண்டவர் இரண்டுக்கும் சேர்த்து அல்லவா கேட்பார்?

மதார் அதன்பின் துறைக்கு வரவில்லை. வெற்றிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து, கொக்கிரகுளத்துப் பாலம் சுற்றிப் போகிறான் என்று ஐயம்பெருமாள் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கேலி பண்ணவில்லை.

மார்கழி பிறந்தது. பண்டிகைக்காகக் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மறுபடி ஒரு புயல் மழை; ஆறு மறுபடி பெருகியது. பாக்கியவதிக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை இரவு உடம்பு கொதித்தது. ஞாயிறு காலை பிதற்ற ஆரம்பித்தாள். சாலோமி கோயிலுக்குப் போகவில்லை. ஞானையா மட்டும், "ஜெபம் பண்ணச் சொல்லுதேன்," என்று போனார்.

ஈரத்துணியை மாற்றி நெற்றியில் போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்ற வாசலுக்கு வந்தவள் அக்கரையைப் பார்த்தாள்.

மதார் நின்றுகொண்டிருந்தான். நெஞ்சோடு ஒரு துணிச்சுருணை. அதை அவன் இரண்டு கையாலும் அணைத்திருந்த விதத்திலேயே உள்ளே இருப்பது பிள்ளை என்று தெரிந்தது. அவன் பூட்டிக் கிடந்த தோணியைப் பார்த்தான். கோயிலைப் பார்த்தான். பாட்டுச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

அவன் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி, கரையோரமாகப் பாலத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

கூப்பிட்டிருந்தால் அவள் மறுபடி முடிச்சைப் பொத்தியிருப்பாளோ என்னவோ. அவன் கூப்பிடாமல் போனது அவளை உலுக்கிவிட்டது. ஆண்டவருடைய நாளில் இந்த வாசலில் கேட்டுப் பயனில்லை என்று அவன் தெரிந்துவைத்திருக்கிறான். தெரிவித்தது யார்?

உள்ளே பாக்கியவதி, "யம்மா," என்றாள். சாலோமி திரும்பிப் பார்த்தாள். பச்சை வளையல் இப்போது அந்தக் கைக்கு இறுக்கமாகிவிட்டிருந்தது. கூரையடியிலிருந்து கழியை உருவி எடுத்தாள். அது அவளைவிட இருமடங்கு உயரம். இழுத்துக்கொண்டே ஓடினாள்.

கோயிலில் ஆண்கள் பக்கத்து வாசலில் போய் நின்றாள். அந்த வாசலில் அவள் நின்றதே இல்லை. உபதேசியார் வாசிப்பை நிறுத்தினார்.

"சாலோமி, ஆராதன நடக்குதும்மா."

"தெரியுதுய்யா." அவள் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, மதார் பச்சப்பிள்ளையோட நிக்கான்."

ஞானையா எழுந்தார். "கூப்பிட்டானா?"

"இல்ல. கூப்பிடாமப் போறான்."

அவர் முகம் மாறியது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவசரத்தில் முடிச்சு இறுகியது. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"பொருத்தனை இருக்கேம்மா," என்றார் உபதேசியார் மெதுவாக. அவர் நல்ல மனுஷர்தான். "ஒம் பிள்ள வேற காய்ச்சல்ல கெடக்காளே."

"பொருத்தன என்னுதுய்யா. நான் ஆண்டவர்ட்ட சொல்லிக்கிடுதேன்."

ஞானையா சாவியையும் கழியையும் வாங்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் இருந்தே அக்கரையைப் பார்த்துக் கத்தினார். "ஏலே மதாரு! நில்லுலே! வந்துட்டேன்லே!" குரல் உடைந்து அழுகையாக வந்தது. தூரத்தில் அந்த உருவம் நின்றது.

வெள்ளம் தோணியைக் கீழே இழுத்தது. அவர் கழியை ஊன்றி ஊன்றி மேலே ஏற்றினார். அக்கரையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே கையை நீட்டினார். மதார் உடனே பிள்ளையைக் கொடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கொடுத்தான்.

இக்கரையில் இறங்கியதும் அவன் சாலோமியின் வாசலைக் கடக்க வேண்டியிருந்தது. நின்றான். கண் குழி விழுந்திருந்தது. பிள்ளை துணிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தாயின் அதே மேல்நோக்கிய புருவம்.

"அக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமல்லா?"

"ஆமா தம்பி."

மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து, சின்னதாகத் தெரிந்து, திரும்பிப் போனது. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"பாக்கியத்துக்கு என்ன?"

"காய்ச்சல்."

அவன் தலையசைத்தான். ஐயம்பெருமாள் அதற்குள் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஏறுவே, ஏறு. பேசிக்கிட்டு நிக்காதியும்," என்று யாரையும் பார்க்காமல் அதட்டினார். ஞானையா ஈர வேட்டியோடு மதாருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "நான் கூடப் போறேன். இவளுக்கும் மருந்து வாங்கியாறேன்," என்று சாலோமியிடம் சொன்னவர், பாக்கியவதி கிடந்த பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். வண்டி போனது.

கோயிலில் பாட்டு மறுபடி தொடங்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து துறையைப் பார்த்து நின்றார்கள்.

சாலோமி உள்ளே வந்து பிள்ளைக்கு அருகில் முழங்காலில் நின்றாள். பழக்கத்தில் அவள் மனம் கொடுப்பதற்கு ஏதாவது தேடியது. கம்மல், பண்டிகைச் சேலை, உபவாசம். அவற்றில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. சுபைதாவை வண்டியில் கிடத்திவைத்துக்கொண்டு ஒருவன் நின்ற கரை அவள் கண் முன்னால் வந்தது. ஆண்டவர் அன்று இந்தக் கரையில் பாட்டுக் கேட்டுக்கொண்டா இருந்திருப்பார்? அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பார். அவளும் அவரை அங்கே நிற்கவிட்டுத்தான் பாடினாள்.

"ஆண்டவரே," என்றாள். "எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இவ ஒம்ம பிள்ள. அந்தப் பிள்ளையும் ஒம்ம பிள்ள."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. நெற்றித் துணி காய்ந்திருந்தது. எடுத்து நனைத்துப் போட்டாள். கழுத்தில் கை வைத்தாள். இன்னும் சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.