போயிட்டு வரட்டுமா

அந்த வீட்டில் அவள் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் வரத் தாமதமாகும். பால்காரர் கேட்டால் உடனே சொல்வார்கள்; பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். கடலடியை அளக்கும் கப்பலில் வேலை பார்த்த அவள் கேட்டால், கேள்வி எங்கேயோ இறங்கிப் போய், அடி தொட்டு, மெல்ல ஏறி வரும். ஒரு விடுமுறையின் கடைசி நாளில் கணவரிடம் காப்பி போடட்டுமா என்று கேட்டாள். அடுத்த விடுமுறைக்குப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றபோது அவர், "சர்க்கரை கம்மியா போடு" என்றார்.

அவளுக்கு அது அதிசயமாகத் தோன்றவில்லை. அவளுடைய பிழைப்பே அதுதான். கப்பலின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வது. மணல்மேடு சட்டென்று பதில் சொல்லிவிடும். பள்ளம் யோசித்துத்தான் சொல்லும். வீட்டிலும் அப்படியே. சாவி எங்கே என்ற கேள்வி மாலைக்குள் திரும்பியது. மகளின் சின்ன வயதில் அவளிடம் பசிக்கிறதா என்று கேட்டதற்கு, மகள் கல்லூரிக்குப் போகிற காலத்தில், பேருந்து நிறுத்தத்தில் வைத்து, "ஆமாம்மா, ரொம்ப" என்று பதில் வந்தது.

ஒரே ஒரு பதில்தான் வரவில்லை. முதல் பயணத்துக்குக் கிளம்பியபோது, முன்பல் விழுந்திருந்த மகளிடம் குனிந்து, "அம்மா போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டிருந்தாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு ஒலி திரும்புமுன் அடுத்ததை அனுப்பாதீர்கள், எது எதன் பதில் என்று தெரியாமல் போகும் என்று கப்பலுக்குப் புதிதாய் வருபவர்களிடம் படித்துப் படித்துச் சொன்னவள், வீட்டில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதே கேள்வியைக் கேட்டாள். மகள் வளர்ந்தாள், கணவர் காலமானார், வரைபடத்தில் வெற்றிடங்கள் குறைந்தன, முழங்கால் தேய்ந்தது. ஓய்வு பெற்றபோது அவளோடு கரையேறியது அலுப்பு மட்டும்தான்.

அதன்பின் அவள் எதையும் கேட்பதில்லை. கேட்டால், அதன் பதில் வரவேண்டியதோடு கலந்துவிடும் என்ற பயம். பசியா என்று கேட்காமலே தட்டை வைத்தாள். "வாயத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்று மகள் எரிந்து விழுந்தாள். ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். எதற்கான பதில் என்று மகள் கேட்கவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அது வந்தது. மூக்குக்கண்ணாடியும் காதோர நரையுமாய் எதிரே நின்றிருந்த மகள், போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி, பல் விழுந்த குழந்தையின் குரலில், காற்றுப் போகப் போகச் சொன்னாள்.

"வேணாம்மா. போவாதே."

பிறகு தன் குரலில், "இப்ப நான் ஏதாவது சொன்னேனா?" என்றாள்.

"சொன்னே."

இது முதல் பயணத்தன்று கேட்டதற்கு. மற்றவையும் ஒவ்வொன்றாய்ப் பின்னால் ஏறி வந்துகொண்டிருக்கும். அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டே, "சரிடி, போகலை" என்றாள். அந்தச் சொல் அடியில் நிற்கும் அந்தக் குழந்தையிடம் போய்ச் சேரத் தன் ஆயுள் போதாது என்று அவளுக்குத் தெரியும். மகள் போர்வையின் முனைகளைக் கொண்டுவந்து அவள் கையில் சேர்த்தாள். அடுத்த துணியை எடுத்தார்கள்.