பட்டியலில் இருந்த போன்

கம்பெனிப் பூட்டை உடைத்து ஜெயில்பிரேக் செய்திருந்த போனைக் கைதவறி அப்டேட் செய்துவிட்டு, ரிப்பேர்காரரின் கடைக்கு அவர் மச்சினன் ஓடிவந்தான்.

“பழைய வெர்ஷனுக்கே மாத்திக் குடுங்க மாமா.”

ஒவ்வொரு வெர்ஷனையும் போனில் ஏற்ற கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும்; அதைக் கொஞ்ச நாள்தான் கொடுக்கும். அந்தந்தப் போனின் அடையாள எண்ணைக் கொடுத்து அதற்குள் அதை வாங்கிச் சேமிக்காவிட்டால், தலைகீழாக நின்றாலும் திரும்ப முடியாது. குடும்பத்துப் போன்களுக்கெல்லாம் ரிப்பேர்காரர் வாங்கி வைப்பார்.

கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தார். மச்சினன் போன் மாற்றியபோது பழைய எண்ணை அழித்தவர், புதியதைச் சேர்க்க மறந்திருந்தார்.

“உன்னோடது இல்லடா.”

மச்சினன் எட்டிப் பார்த்தான். “அக்கா போனுக்கு நேத்துகூட வாங்கியிருக்கீங்களே!”

ஏழு மாதத்துக்கு முன் லாரிச் சக்கரத்தில் அவளோடு நொறுங்கிய போன் அது.

“ஆமா,” என்றார் ரிப்பேர்காரர். “கேட்டா இன்னும் குடுக்குறாங்க.”