ஃபைலை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்

மறுபடியும் அதே பதில்: "பிஸி." பழைய யூனிக்ஸ் சர்வர் டிஸ்க்குகளை விடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை ஒரு உதை விட்டிருப்பேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்ததால் அது பிழைத்தது.

வேலை என்னவோ சின்னதுதான். ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரு டிஸ்க் பெட்டியில் இருக்கின்றன. பழைய சர்வரிலிருந்து ஃபைல் சிஸ்டத்தை முறையாக இறக்கி, அதாவது சர்வரின் பிடியிலிருந்து விடுவித்து, பெட்டியின் கேபிளைக் கழற்றி, புதிய சர்வரில் மாட்டி ஏற்ற வேண்டும். ஆனால் யாராவது ஒருவர் ஒரே ஒரு படத்தைத் திறந்து வைத்திருந்தாலும் இறக்க முடியாது. எல்லோரும் மூடிவிடுங்கள் என்று காலையிலேயே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாகிவிட்டது. கேட்டால்தானே!

இன்றைக்கென்று பார்த்து அவசரம் வேறு. பிற்பகல் என் அப்பாவுக்கு ஆபரேஷன், சிறுநீரகத்தில் கட்டி. தியேட்டரில் உள்ள திரையைப் புதிய சர்வருக்கு மாற்றிவிட்டோம். அதில் ஸ்கேன் தெரியாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார். இன்று தவறினால் அவருக்கு அடுத்த மாதம்தான் நேரம். கட்டி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்குமா?

யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். ஸ்கேன் அறை கம்ப்யூட்டர். அங்கே இருக்கும் டெக்னீஷியனைப் போனில் பிடித்தேன்.

"சார், படத்த மூடுங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? ஏன் சார் உயிர வாங்கறீங்க?"

"நான் என்னம்மா பண்றது? உங்கப்பாதான் வார்டுலேருந்து எறங்கி வந்து உக்காந்திருக்கார். தன்னோட ஸ்கேனப் பாக்கணும்னார், காட்டுனேன். இப்ப மூடலாம்னா மவுஸத் தர மாட்டேங்கறார்."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"என்னப்பா விளையாட்டு இது? அத மூடுனாத்தான் இங்க வேல நடக்கும்!"

"தெரியும்," என்றார் அப்பா. "யாராவது தொறந்து வெச்சிருந்தா கழட்ட முடியாதுன்னு நீதான வீட்ல பொலம்புவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலமெல்லாம் லாரி ஓட்டியவர், எந்த மலைப்பாதைக்கும் அசராதவர், ஆபரேஷனைத் தள்ளிப்போட என் தொழிலை வைத்தே எனக்கு ஆப்பு வைத்திருக்கிறார்.

"இங்கருந்தே நான் ஒரு கமாண்ட் அடிச்சா அது தானா மூடிக்கும், தெரியுமா?" என்று கத்தினேன்.

"அப்ப ஏன் இன்னும் அடிக்கல?"

அடித்துத் தயாராகத்தான் வைத்திருந்தேன். என்டர் தட்டுவது மட்டும்தான் பாக்கி. விரல் நகரவில்லை.

"எனக்கும் பயமா இருக்குப்பா," என்றேன்.



"ஒரு வாரமா என்னத் திட்டிட்டே இருந்தியே, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றார். பிறகு டெக்னீஷியனிடம், "எங்க அமுக்கணும் தம்பி?" என்று கேட்பது காதில் விழுந்தது.

மறுபடி இறக்கிப் பார்த்தேன். சர்வர் எதுவும் சொல்லவில்லை. யூனிக்ஸ் வாயைத் திறக்காவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். கேபிளைக் கழற்றினேன். இனித் தள்ளிப்போட எங்கள் இருவரிடமும் ஒன்றுமில்லை.